கிறிஸ்மஸ் தீவின் காட்டு அரணை: ஜனவரியில் பட்டியல், மே மாதத்தில் மரணம்

கொடிமலை நடையர்

பல்லி, அரணை என்று பேச்செடுத்தாலே "அழிந்துபோச்சா, இல்லை யார் கண்ணிலும் படவில்லையா?" என்ற கேள்வி இங்கே வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் தெளிவான பதில் கிறிஸ்மஸ் தீவில் கிடைக்கிறது. மனதை வலிக்கச் செய்யும் பதிலும் அதுதான்.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவு அது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர், நம் பினாங்குத் தீவில் பாதிகூட இல்லை. இன்று ஆஸ்திரேலியாவுடையது. 1958 வரை சிங்கப்பூரிலிருந்து ஆண்டார்கள். அங்கே பாஸ்பேட் வெட்ட நம் பக்கத்திலிருந்தும் ஆள் போனது. மலாய்க்காரர்கள் வாழும் கம்பம், அதாவது குடியிருப்பு, இன்றைக்கும் இருக்கிறது.

அந்தத் தீவுக்கே உரிய ஒரு காட்டு அரணை இருந்தது. சாக்லேட் பழுப்பு, ஏறக்குறைய ஒரு சாண் நீளம். மரம் விழுந்து வெயில் இறங்கும் இடங்களில் பகலில் வந்து காயும். 1979ல் ஊர்வன ஆய்வாளர்கள் ஹெரால்ட் காகரும் ராஸ் சாட்லியரும் தீவைச் சுற்றிக் கணக்கெடுத்தபோது சர்வசாதாரணமாகக் கண்ணில் பட்டது. 1998ல் மறுபடி போனபோது குறைந்திருப்பது தெரிந்தது. 2010 ஆகஸ்டுக்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. கூண்டில் வளர்க்கப் பிடித்தவை மொத்தம் மூன்று, மூன்றும் பெட்டை. கடைசியாக மிஞ்சியதற்குக் கம்ப் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது 2014 மே 31ல் செத்தது.

ஆஸ்திரேலிய அரசு இந்த அரணையை 'மிக ஆபத்தான நிலை' என்று சட்டப் பட்டியலில் சேர்த்தது அதே ஆண்டு ஜனவரியில். அப்போதே உயிரோடு இருந்தது அந்த ஒன்றுதான், அதுவும் கூண்டில். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஆயிர் ஈத்தாம் செல்வி

மூன்றும் பெட்டை என்றால் ஆணே கிடைக்கவில்லையா? தேடினார்களா, இல்லை கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்களா அண்ணே?

கொடிமலை நடையர்

தேடினார்கள் தங்கச்சி. ஆனால் தேடத் தொடங்கியபோது காட்டில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம். 2009, 2010ல் ஆட்கள் மூன்று இனங்களுக்காக ஒரே நேரத்தில் ஓடினார்கள். நீலவால் அரணை 66 கிடைத்தது. லிஸ்டர் பல்லி 43 கிடைத்தது. காட்டு அரணைதான் மூன்றோடு நின்றுபோனது. முதல் இரண்டு இனமும் இன்று கூண்டில் ஆயிரத்துக்கு மேல் பெருகி நிற்கின்றன. அதே தீவு, அதே ஆட்கள், அதே பருவம். மூன்றாவதற்கு மட்டும் ஜோடி அமையவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், லிஸ்டர் பல்லியைத்தான் எல்லாரும் போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1980களுக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை, 2009 அக்டோபரில் திரும்பக் கிடைத்தது. போய்விட்டது என்றது இருக்கிறது. நிறைய இருக்கிறது என்றது போய்விட்டது.

ரவி கோலாலம்பூர்

அண்ணே, நீங்கள் சொன்னதே என் சந்தேகத்துக்கும் இடம் கொடுக்கிறது. லிஸ்டர் பல்லி திரும்பி வரலாம் என்றால் காட்டு அரணை ஏன் வரக் கூடாது? தீவுப் பல்லிகள் விஷயத்தில் அவசரப்பட்டு ஈமச்சடங்கு செய்யக் கூடாது என்பது என் கட்சி.

ஜமைக்காவின் இகுவானா என்ற பெரும்பல்லியை 1940களிலேயே முடிந்துபோனதாகச் சொன்னார்கள். 1990ல் ஹெல்ஷயர் மலைக்காட்டில் பன்றி வேட்டைக்குப் போனவரின் நாய் ஒன்றைப் பிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பை வைத்துத்தான் இன்று அந்த இனமே நிற்கிறது. நியூ கலிடோனியாவில் பொக்கூர் அரணை என்று ஒன்று, 1870களில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயரிட்டது. 2003ல் ஒரு குட்டித் தீவில் உயிரோடு மறுபடி கண்டார்கள். கானரித் தீவுகளில் லா கோமேராவின் பெரும்பல்லி 1999ல் பாறைச் செங்குத்தில் கிடைத்தது. இவை எல்லாமே 'அழிந்தது' என்ற பெட்டிக்குள் கிடந்தவை.

'அழிந்தது' என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் யார் தேடப் போவார்? பணமும் நின்றுவிடும், ஆளும் நின்றுவிடும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

கொடிமலை நடையர்

பயம் நியாயம்தான் ரவி. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் எங்கே கிடைத்தன என்று பாருங்கள். வறண்ட முட்புதர்க் காடு, யாரும் இறங்காத குட்டித் தீவு, செங்குத்துப் பாறை. மனிதர் கால் அதிகம் படாத மூலைகள். கிறிஸ்மஸ் தீவில் அப்படி ஒரு மூலை மிஞ்சியிருந்தால் நானும் நம்புவேன். காட்டு அரணை கடைசியாகத் தங்கியதும் மேற்குக் கோடியில் எஜீரியா முனைப் பக்கம்தான். அங்கேயும் காலியான பிறகுதான் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) 2017ல் அழிந்ததாக அறிவித்தது. அந்த ஏழு ஆண்டுகளும் அந்தத் தீவில் தேடாமல் இருக்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்

நான் உயிரியல் பாடம் நடத்துபவள். கொன்றது யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. முதல் சந்தேகம் ஒரு பாம்பின் மேல், அந்தப் பாம்பு நம் வீட்டுப் பாம்பு.

ஓநாய்ப் பாம்பு என்பார்கள், மலாய்க்காரர்கள் வாயில் உலார் சிச்சாக். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மழை விட்ட இரவில் அஞ்சடி நடைபாதை விளக்குக்குக் கீழே பார்த்திருக்கிறேன். பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன், காப்பித்தூள் நிறம், அதில் மங்கலான வெள்ளைப் பொடி தூவியதுபோல் கோலம், கழுத்தில் வெளுத்த ஒரு பட்டை. மூக்கு சப்பையாக இருப்பதால் கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்துவிடும். சொரசொரப்பான சுவரில் நேராக ஏறி, சுவர்ப் பல்லியைப் பக்கவாட்டில் கவ்வி, அது துடித்து அடங்கும்வரை விடாது. பல்லி வாலை உதிர்த்துவிட்டு ஓடப் பார்த்தாலும் அந்த வளைந்த முன்பல்லிலிருந்து நழுவாது. விஷமில்லை. கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள், அது வேறு துக்கம்.

இங்கே நம் பல்லிகள் இந்தப் பாம்போடு கூடவே வளர்ந்தவை. ராத்திரி எங்கே தூங்கக் கூடாது என்று அவற்றுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் தீவில் பல்லி தின்னும் பாம்பே கிடையாது. அங்கிருந்த ஒரே பாம்பு மண்ணுக்குள் வாழும் ஒரு குருட்டுப் பாம்பு. 1980களின் கடைசியில் சரக்கோடு சரக்காக ஓநாய்ப் பாம்பு இறங்கியது. அப்புறம் நடந்ததை வரைபடத்தில் பார்த்தாலே புரியும். துறைமுகமும் வீடுகளும் இருக்கும் வடகிழக்கில்தான் பல்லிகள் முதலில் காணாமல் போயின. அங்கிருந்து மேற்கே மேற்கே என்று வெறுமை நகர்ந்தது.

ஆயிர் ஈத்தாம் செல்வி

டீச்சர், எறும்பு என்று படித்த ஞாபகம். மஞ்சள் பைத்திய எறும்பு.

புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்

எறும்பும் உண்டும்மா. சிவப்பு நண்டுகளை ஒரு கோடிக்கு மேல் கொன்றது அந்த எறும்புதான். நண்டின் கண்ணிலும் மூட்டிலும் அமிலம் பீச்சும், நண்டு குருடாகி ஓரிரு நாளில் சாகும். ஆனால் எறும்புப் படை இல்லாத இடங்களிலும் அரணை குறைந்தது. அதனால் எறும்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. பெரிய பூரான், பூனை, எலி எல்லாம் சேர்ந்த நெருக்கடி. இதோடு கூண்டில் காப்பாற்றிய பல்லிகளுக்கே 2014ல் ஒரு புதுக் கிருமி வந்தது. முகம் வீங்கி, கிருமி உடம்பெல்லாம் பரவிச் சாகும். வெளியூர்ச் சுவர்ப் பல்லிகள் உடம்பிலும் அதே கிருமியைக் கண்டிருக்கிறார்கள்.

கெப்போங் குமரன்

எறும்பு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வட்டாரத்து ஆட்களுக்கே தெரியாத செய்தி இது. அந்த எறும்பை அடக்க மலேசியாவிலிருந்துதான் ஒரு குளவியைக் கொண்டுபோனார்கள். ஆராய்ச்சியில் மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தோடு நம் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்திருந்தது. குளவி என்றால் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். நீளம் 2 மில்லிமீட்டர்.

எறும்புக்கு வேலை செய்ய பலம் எங்கிருந்து வருகிறது? மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு செதில்பூச்சி வெளியிடும் இனிப்பு நீரிலிருந்து. அந்தப் பூச்சியும் வெளியூரிலிருந்து வந்ததுதான். நம் காட்டில் அது இருக்கிறது, ஆனால் தேடினால்தான் கிடைக்கும், ஏனென்றால் இந்தக் குளவி அதற்குள் முட்டையிட்டு உள்ளேயே தின்றுவிடும். அங்கே குளவி இல்லாததால் கிளை தெரியாமல் மூடிக் கிடந்தது. வேறு எந்தப் பூச்சியைத் தொடும், எதைத் தொடாது என்று முதலில் சோதித்துவிட்டு, 2016 டிசம்பரில் தீவில் விட்டார்கள்.

ரவி கோலாலம்பூர்

எனக்கு இதில் நெருடல் இருக்கிறது குமரன். வெளியூர் உயிர் வந்ததால் கெட்ட தீவில் இன்னொரு வெளியூர் உயிரை நாமே கொண்டுபோய் விடுவதா? ஆஸ்திரேலியர்கள் கரும்பு வண்டுக்காக 1935ல் தேரையை இறக்கி இன்றுவரை அனுபவிக்கிறார்கள்.

கெப்போங் குமரன்

தேரை எதையும் தின்னும், கண்ணில் படுவதெல்லாம் அதற்கு இரை. இந்தக் குளவிக்குக் குறிப்பிட்ட செதில்பூச்சி இல்லாமல் அடுத்த தலைமுறையே கிடையாது. சும்மா இருப்பதும் ஒன்றும் பாதுகாப்பானதில்லை. எறும்புக்கு அங்கே வருடக்கணக்காக ஹெலிகாப்டரிலிருந்து பூச்சிக்கொல்லித் தீனி போட்டார்கள். அது தேங்கினால் யாரைக் கொல்லும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குக் குளவியே மேல்.

பட்டர்வொர்த் சேகர்

கேட்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஆயிரத்துக்கு மேல் பல்லியைக் கூண்டில் வைத்துத் தீனி போட்டு, ஆள் சம்பளம் கொடுத்து, எவ்வளவு காலம்? காட்டில் பாம்பு அப்படியேதானே இருக்கிறது. திரும்ப விட முடியாத உயிரைக் காப்பாற்றி என்ன பயன்?

கொடிமலை நடையர்

நல்ல கேள்வி சேகர். முதலில் அவர்கள் தீவிலேயே வேலி போட்டு நீலவால் அரணைகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பெரிய பூரான் உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தின்றது. சரி, ஓநாய்ப் பாம்பு இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று, ஆஸ்திரேலியாவுடைய இன்னொரு தீவுக்கூட்டமான கோக்கோஸ் தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 செப்டம்பரில் புலு பிளான் என்ற, சுமார் இரண்டு ஹெக்டேர் உள்ள திட்டில் 150 நீலவால் அரணைகளை விட்டார்கள். அதற்கு முன்னால் இரவுகளில் டார்ச்சோடு போய்ப் பூரான்களைப் பொறுக்கியெடுத்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அங்கே அரணைகள் குஞ்சு பொரித்தன. அடுத்த ஆண்டு பக்கத்துத் திட்டிலும் விட்டார்கள். அந்தப் பயன் போதாதா?

செலவு பற்றிச் சொன்னீர்களே, அதிலேதான் எனக்கு ஆற்றாமை. 1998ல் குறைகிறது என்று தெரிந்த அன்றைக்கே காட்டு அரணையில் பத்து ஜோடியைப் பிடித்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? ஒரு கொட்டகை, இரண்டு ஆள். உயிர் நிறைய இருக்கும்போது பிடிப்பது சுலபம், மலிவு, ஆண் பெண் இரண்டும் கிடைக்கும். ஆனால் நிறைய இருக்கும் உயிரைப் பிடிக்க யாரும் காசு கொடுப்பதில்லை. அதே தீவின் சிறு வௌவாலுக்கும் இதே கதி. 2006லிருந்து விஞ்ஞானிகள் கத்தினார்கள். பிடிக்க அனுமதி 2009 ஜூலையில் வந்தது. வலை கட்டிக் காத்திருந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஒன்று. 2009 ஆகஸ்ட் 26 இரவுதான் கருவியில் அதன் குரல் கடைசியாகப் பதிவானது.

புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்

அந்தத் தீவுக்கு இது முதல் பாடமும் இல்லை. 1899ல் ஒரு கப்பலிலிருந்து கருப்பெலி இறங்கியது, அதன் உடம்பில் ஒரு ரத்தக் கிருமி. 1897ல் போன ஆய்வாளர் சார்லஸ் ஆண்ட்ரூஸ் கூட்டம் கூட்டமாகப் பார்த்த தீவின் சொந்த எலிகள், அவர் 1908ல் திரும்பப் போனபோது ஒன்றுகூட இல்லை. கப்பலில் வருவதைத் துறைமுகத்திலேயே நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே புரிந்திருந்தால், எண்பது சொச்சம் ஆண்டு கழித்துப் பாம்பு இறங்கியிருக்காது.

ரவி கோலாலம்பூர்

சரி, கிறிஸ்மஸ் தீவு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன், நம்பிக்கைக்கு அங்கே மூலை இல்லை. இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பத்துமலைக்கே உரிய ஒரு பல்லி இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும்? வளைவிரல் பல்லி வகை, 2014ல் அமெரிக்க ஊர்வன ஆய்வாளர் லீ கிரிஸ்மரும் நம் ஆய்வாளர்களும் சேர்ந்து 'மெட்ரோபோலிஸ்' என்று பெயர் வைத்தார்கள், பெருநகரத்துப் பல்லி. அந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத முதுகெலும்புள்ள உயிர் அது ஒன்றுதான். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் படியேறுகிறோம். காவடி போகும் அதே சுண்ணாம்புப் பாறையின் இடுக்கில் அது இரவில் வெளியே வருகிறது. சுற்றிலும் நெடுஞ்சாலை, தாமான், கடைவீடு. அந்த மலையை விட்டு அதற்குப் போக இடமில்லை. தண்ணீர் சூழ்ந்தால்தான் தீவு என்றில்லை.

ஈப்போ பக்கம் குனோங் கந்தானிலும் அப்படி ஒரு பல்லி, அதற்கும் 2014லேதான் பெயர். அந்த மலையை ஒரு பக்கமிருந்து சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற மலையை முழுக்க வெட்டியெடுத்துவிட்டார்கள், அங்கே மட்டும் இருந்த குட்டி நத்தை இனமும் அதோடு சேர்ந்து லோரியில் போய்விட்டது.

ஆயிர் ஈத்தாம் செல்வி

நம் கொடிமலையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. பினாங்குக்கு மட்டும் உரிய பாறைப் பல்லி உண்டு, ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் இங்கே வந்து பார்த்து 1870ல் எழுதி வைத்தது. கொடிமலையில் ஒரு குறுங்கால் அரணையும் உண்டு, 2003ல் பெயரிட்டார்கள். கால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவு சின்னது. இலைக்குப்பைக்கும் மண்ணுக்கும் அடியில்தான் வாழ்க்கை. மிகச் சில மாதிரிகள்தான் கிடைத்திருக்கின்றன. 2017ல் கொடிமலையில் பெரிய உயிரினக் கணக்கெடுப்பு நடந்தது, 2021ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது, எல்லாம் சரி. ஆனால் அந்த அரணை கூடுகிறதா குறைகிறதா என்று ஆண்டுதோறும் யார் பார்க்கிறார்கள்? நடையர் அண்ணன் சொன்ன 1979, 1998 கணக்குதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நடுவில் பத்தொன்பது ஆண்டு.

சின்ன வயதில் எங்கள் பாட்டி 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லியே துடைப்பத்தை எடுப்பார். அது கடித்து யாரும் செத்ததில்லை. கொல்லையில் கண்டால் அடிக்க வேண்டாம், அதையாவது வீட்டுக்கு வீடு சொல்லலாம்.

பட்டர்வொர்த் சேகர்

மலையேறுகிறவர்கள் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் தளங்களில் போட்டால் கணக்கு தானாகச் சேராதா? வாராவாரம் எத்தனை பேர் கொடிமலை ஏறுகிறோம்.

கெப்போங் குமரன்

போடலாம், ஆனால் இடத்தை அப்படியே காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோக்கே என்ற பெரிய பல்லியைத் தின்றால் எய்ட்ஸ் குணமாகும் என்று ஒரு புரளி கிளம்பி, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்னால் வடக்கில் ராத்திரி ராத்திரியாகப் பிடித்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? அரிய பல்லிக்கு வளர்ப்புச் சந்தை வேறு. ஆபத்துப் பட்டியலில் உள்ள இனம் என்றால் அந்தத் தளமே இடத்தை மங்கலாக்கிவிடும். பட்டியலில் இல்லாத இனத்துக்கு நீங்களே தளத்தின் அமைப்புகளில் (settings) போய் மறைக்க வேண்டும். போட்டோவை முகநூலில் போடும்போதும் 'எந்த வளைவு, எந்தப் பாறை' என்று எழுதாதீர்கள்.

கொடிமலை நடையர்

குமரன் சொன்னதற்கு முழு ஆதரவு. போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதுகை மட்டும் எடுத்தால் இனம் சொல்ல முடியாது. கண்ணும் காலும் வேண்டும். சுவர்ப் பல்லிக்கு விரலடியில் அகன்ற மெத்தை இருக்கும். வளைவிரல் பல்லிக்கு மெத்தை கிடையாது, விரல் ஒல்லியாக, கணுவில் மடிந்திருக்கும், கண்மணி செங்குத்துக் கோடு. பினாங்கு வளைவிரல் பல்லி என்றால் முதுகில் அகலமான கருப்புப் பட்டைகளும் உண்டு. பாறைப் பல்லிக்குக் கண்மணி வட்டம், பகலிலேயே நிழல் பாறையில் தலைகீழாக ஒட்டியிருக்கும். பிளாஷ் அடிக்காமல், கையால் தொடாமல், பக்கவாட்டில் நின்று எடுங்கள். கல்லைப் புரட்டினால் அதே இடத்தில் அப்படியே திருப்பி வையுங்கள், முட்டை பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆயிர் ஈத்தாம் செல்வி

தண்ணீர்மலைப் பக்கமிருந்து ஏறும் பாதையில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. கண் தெளிவாக விழுந்திருக்கிறது, வட்டம்தான். இடத்தை மறைத்துவிட்டு இன்றிரவு ஏற்றுகிறேன், டீச்சரும் நடையர் அண்ணனும் பார்த்துச் சொல்லுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்

ஏற்றும்மா. தேதியையும் நேரத்தையும் மட்டும் மறைக்காதே, அது கணக்குக்கு வேண்டும்.